எல்லாத்தையும் எடுத்தாச்சு

சம்பவத்தின்போது இருந்தவர்கள்:

அக்கா. ஏழு விரல்கள்.
அத்தான், அவள் கணவர். பத்து விரல்கள், எல்லாம் சும்மா.
நான், அவள் தம்பி. பின்னறை.
வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. கறுப்பு, அத்தானின் சட்டைப் பையில்.
சோதனை எடுக்கும் மேடம். மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்தவர்.

இப்படித் தொடங்குவது பழைய பழக்கம். ஆறு வருடம் ஒரு சர்வர் கூடத்தில் இரவுப் பணி பார்த்தேன். எது கெட்டாலும் முதலில் யார் யார் இருந்தார்கள் என்று எழுத வேண்டும். என்ன கெட்டது என்பது அதற்குப் பிறகு. பழியைப் போட ஆள் கிடைத்துவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம் என்பது நிர்வாகத்தின் எண்ணம்.

காலை பத்தரைக்கு அக்கா என்னை எழுப்பினாள். எழுப்பினாள் என்றால் கதவை உதைத்தாள். வேலையை விட்டு இரண்டு வருடமாகியும் எனக்குப் பகலில்தான் தூக்கம் வரும்.

"டேய், எழுந்திரு. உங்க அத்தான் என்னமோ பண்ணி வச்சிருக்கார்."

"அவர் எதுவும் பண்ணாத நாள் வந்தா எழுப்பு."

"என் கீபோர்டு வேலை செய்யலடா. மூணு மணிக்கு சோதனை."

தூக்கம் போய்விட்டது.

அக்காவின் வேலை இதுதான். எங்கோ ஒரு கல்லூரி வகுப்பில் ஆசிரியர் பேசுவார். அது காதில் மாட்டிய ஹெட்ஃபோன் வழியே இவளுக்குக் கேட்கும். கேட்டதை அந்தக் கணமே எழுத்தாக அடிப்பாள். காது கேளாத மாணவர்கள் அதைத் திரையில் படிப்பார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் ரயிலைப் பிடிக்கப் போவதுபோல்தான் பேசுவார்கள். அந்த வேகத்துக்கு ஏழு விரல்.

மீதி மூன்று விரல் எங்கே என்றால், எட்டு வருடம் முன்பு அட்டைப்பெட்டி வெட்டும் எந்திரம் எடுத்துக்கொண்டது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம். கம்பெனி வருத்தம் தெரிவித்து ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அது இன்னும் கூடத்தில் ஓடுகிறது, ஐந்து நிமிடம் தாமதமாக.

பத்து விரலுக்குச் செய்த கீபோர்டில் ஏழு விரலை வைத்துக்கொண்டு வேகம் வராது. நான்கு வருடம் முன்பு நானும் அவளும் மூன்று மாதம் உட்கார்ந்து எழுத்துகளை இடம் மாற்றினோம். அடிக்கடி வருவதெல்லாம் இடது கைக்கு. சுண்டுவிரலுக்கு மெய்ப்புள்ளி. கட்டைவிரல் எட்டுகிற தூரத்தில் உயிர்க்குறிகள். மொத்தம் நாற்பத்தேழு எழுத்துக்குறிகள். அதற்கு மேல் அவளாகவே சேர்த்துக்கொண்ட மூவாயிரத்துச் சொச்சம் சுருக்கங்கள். இரண்டு எழுத்தை அடித்தால் முழுச் சொல்லும் வந்து விழும். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் அவள் கணினி வெளியிலிருந்து பார்க்க எல்லாக் கணினியையும் போலத்தான். உள்ளே அவள் கைக்கென்று அளவெடுத்துத் தைத்தது.

அவளுடைய நிறுவனம் இப்போது பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் எந்திரம் ஒன்று வாங்கிவிட்டது. அதைவிட நன்றாக அடிக்கிற ஆட்கள் மட்டும் பட்டியலில் இருப்பார்களாம். வீட்டுக்கே வந்து ஐம்பது நிமிடம் சோதிப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சொல் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயர் போய்விடும். திரும்பவும் அட்டைப்பெட்டிக்குப் போக அக்காவிடம் அவ்வளவு விரல் பாக்கி இல்லை.

அந்தச் சோதனை நாளாகப் பார்த்து, காலை ஆறு மணிக்கு எழுந்து, அத்தான் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துப் புது வெர்ஷன் போட்டுவிட்டார்.

அத்தான் ஒரு மரச்சாமான் நிறுவனத்தில் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர். பிரிண்டருக்கு மை வாங்குவார். மை தீர்ந்ததும், அதற்குள் தீர்ந்துவிட்டதா என்று ஆச்சரியப்படுவார். பொறுப்பு அதோடு முடிந்தது. கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி நின்றார்.

"மாப்ள, பதறாத. ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"எப்படி எடுத்தீங்க?"

"எப்படின்னா? அவ ஃபோல்டரைத் திறந்தேன். எல்லாத்தையும் செலக்ட் பண்ணேன். காப்பி. இருபத்திரெண்டாயிரம் ஃபைல்!" சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"மறைஞ்சிருக்கிற ஃபைலையும் காட்டச் சொன்னீங்களா?"

"நம்ம வீட்டுல எதுக்குய்யா மறைக்கணும்?"

லினக்ஸில் ஒரு கோப்பை மறைக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும். கோப்பு அங்கேயேதான் இருக்கும், பட்டியலில் மட்டும் தெரியாது. 'எல்லாத்தையும் செலக்ட் பண்ணு' என்றால், கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் என்றுதான் அதற்குப் பொருள். ஒவ்வொரு மென்பொருளும் தன் செட்டிங்ஸை அப்படிப் புள்ளி வைத்த ஃபோல்டர்களில்தான் வைத்திருக்கும். எனக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே புரியும். உறவுக்காரர்கள் வந்தால் பின்னறைக் கதவு சாத்தப்படும். தம்பி எங்கே என்று கேட்டால், "வெளியூர்ல வேலை."

ஹார்ட் டிஸ்க்கை வாங்கிப் பார்த்தேன். கல்யாண ஃபோட்டோக்கள் மூன்று நகல் இருந்தன. பாதி இறங்கி நின்றுபோன சினிமா ஒன்று. அத்தான் ஏழு வருடம் முன்பு எழுதிய விடுப்புக் கடிதம். புள்ளி வைத்த ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. அக்காவின் நான்கு வருடத்தை அழித்து, விடுப்புக் கடிதத்தைக் காப்பாற்றியிருந்தார்.

"இன்னைக்கே போடணும்னு எந்த ஜோசியர் சொன்னார்?"

"சோதனை பண்ண வர்றவங்க முன்னாடி பழைய வெர்ஷன்ல உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்? ஒரு மரியாதை வேண்டாமா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஒரு நகல் வச்சிருக்கேல்ல?" என்றாள் என்னிடம்.

வைத்திருந்தேன். என் கட்டிலுக்கடியில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. திரையில் கீறல், பேட்டரி இல்லை. மணிக்கு ஒரு தடவை அக்காவின் கணினியிலிருந்து புள்ளி வைத்த ஃபோல்டர்களை மட்டும் நகல் எடுக்கும்படி எழுதி வைத்திருந்தேன். காலையிலிருந்து அது மணிக்கொரு தடவை கதவைத் தட்டியிருக்கிறது. புதிதாகப் போட்ட கணினி, நீ யாரென்று தெரியாது என்று விரட்டியிருக்கிறது. விரட்டியதால்தான் பிழைத்தோம். உள்ளே விட்டிருந்தால் காலி ஃபோல்டர் வந்து நல்ல நகலின்மேல் உட்கார்ந்திருக்கும்.

"அவன் வச்சிருக்கானா? அப்புறம் எதுக்கு என்னைத் திட்டறீங்க?" என்றார் அத்தான்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லங்க," என்றாள் அக்கா.

பதினொன்றரைக்குள் எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். எழுத்துரு, திரையின் நிறம், ஹெட்ஃபோன் சத்தத்தின் அளவு, மூவாயிரத்துச் சொச்சம் சுருக்கம். எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரி அடித்தாள். திரையில் குழந்தை கிறுக்கியதுபோல் ஏதோ வந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் மெதுவாக எழுதினால் மன்னிக்க வேண்டும். இது என் பங்கு.

சுருக்கங்கள் மென்பொருளின் செட்டிங்ஸ். அவை அக்காவின் ஃபோல்டரில் இருந்தன. எந்த விசையில் எந்த எழுத்து என்பதோ சிஸ்டத்தின் செட்டிங்ஸ். அந்தக் கோப்பு அக்காவின் ஃபோல்டரில் கிடையாது. சிஸ்டத்துக்கென்று இருக்கும் தனி ஃபோல்டரில், நான்கு வருடம் முன்பு, நானே என் கையால் வைத்தது. அந்த ஃபோல்டர் என் நகலில் இல்லை. ஏன் இல்லை என்று நகல் எடுக்க எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். முதல் வரியிலேயே குறிப்பு இருந்தது, நான் எழுதியதுதான்: 'சிஸ்டம் ஃபோல்டர், அப்புறம் சேர்க்கணும்.'

"என்னடா?" என்றாள் அக்கா.

காட்டினேன். படித்தாள். அத்தானும் எட்டிப் பார்த்துப் படித்தார். அவர் முகத்தில் காலையிலிருந்து காணாத ஒரு தெம்பு வந்தது.

"ஓஹோ. அப்புறம் சேர்க்கணுமா?"

சர்வர் கூடத்திலும் என் வேலை இதுதான். தினமும் ஒரு படிவம் வரும். 'நகல் எடுக்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு எதிரே கட்டம். டிக் போட வேண்டும். நகல் எடுக்கும் எந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தால் டிக். ஆறு வருடம் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு நாள் நகல் தேவைப்பட்டபோது எடுத்துப் பார்த்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. விளக்கு, எந்திரம் ஓடுகிறது என்பதற்காக எரிந்ததாம். டிக்கெல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. அவர்கள் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து பின்னறை.

"திரும்ப எழுதிடலாம்," என்றேன். "நாற்பத்தேழு எழுத்துதானே. சொல்லு. 'ப' எங்க இருக்கு?"

அக்கா கீபோர்டைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். வைத்தாள்.

"தெரியல."

"தினமும் எட்டு மணி நேரம் அடிக்கிற!"

"அடிக்கிறேன்டா. எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ படியில இறங்கும்போது எத்தனை படின்னு எண்ணிட்டா இறங்கற?"

நியாயம்தான். 'க', 'ம' என்று கேட்டுப் பார்த்தேன். கேட்கக் கேட்க அவளுக்குக் குழம்பிக்கொண்டே போனது. மூன்று எழுத்துக்கு ஒரே விசையைக் காட்டினாள். மணி பன்னிரண்டு. கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்தைந்து. அத்தான் மெல்ல, "மேடத்துக்கு ஃபோன் பண்ணி நாளைக்கு வரச் சொன்னா?" என்றார். வராவிட்டால் தோற்றதாகக் கணக்கு என்று கடிதத்திலேயே போட்டிருந்ததை அக்கா அவருக்கு நினைவுபடுத்தினாள். நினைவுபடுத்திய விதத்தை இங்கே எழுதவில்லை.

அப்போதுதான் எனக்குப் பட்டது. அவளிடம் எழுத்தைக் கேட்கவே கூடாது. அவள் விரல் கேள்விக்குப் பதில் சொல்லாது, காதில் விழுகிற பேச்சுக்குத்தான் பதில் சொல்லும்.

எந்த விசையை அழுத்தினாலும் அதன் எண்ணைக் காட்டுகிற சின்ன நிரல் ஒன்று லினக்ஸில் உண்டு. அதை ஓடவிட்டு, எண்கள் என் கட்டிலுக்கடி லேப்டாப்பில் தெரியும்படி செய்து, அவள் திரையின்மேல் ஒரு துண்டைப் போட்டேன். கிறுக்கலைப் பார்த்தால் கை தடுமாறும்.

"அத்தான், எதையாவது வேகமா படிங்க. நிறுத்தாதீங்க."

"எதை?"

"தமிழ்ல எது இருந்தாலும் சரி."

கைக்கு எட்டியது வாஷிங் மெஷின் கையேடு. அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிப்பவர் குரலை வரவழைத்து ஆரம்பித்தார். "அன்புள்ள வாடிக்கையாளரே! இந்த இயந்திரத்தைப் பயன்படுத்துவதற்கு முன் அனைத்து எச்சரிக்கைகளையும் கவனமாகப் படிக்கவும்..."

"அதைத்தான் நீங்க எப்பவும் பண்றதில்ல," என்றாள் அக்கா. ஆனால் கை அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். ஏழு விரலும் தங்கள் பாட்டுக்குப் போயின. என் லேப்டாப்பில் எண்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு பக்கம் அத்தான் படித்த வரி, மறுபக்கம் எண்கள். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் எந்த எண் எந்த எழுத்து என்று தெரிந்துவிட வேண்டும்.

தெரியவில்லை. பத்து எழுத்துள்ள சொல்லுக்கு மூன்று எண்தான் வந்திருந்தது.

"முழுசா அடி, அக்கா!"

"முழுசாத்தான் அடிக்கிறேன்!"

அவள் அடிக்கவில்லை. 'இயந்திரம்' என்று காதில் விழுந்தால் அவள் விரல் 'இம' என்று அடித்துவிட்டுப் போய்விடும், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று. நான்கு வருடப் பழக்கம். முழுச் சொல்லை அடிக்கச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்தச் சுருக்கம் என்ற பட்டியல் என்னிடம் இருந்தது, கட்டிலுக்கடியிலிருந்து மீண்டு வந்த அதே பட்டியல். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களைப் படித்தேன். 'இம', இரண்டு எண். 'பது', மூன்று எண். ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

அத்தான் துணி துவைப்பதில் தொடங்கி, தண்ணீர்க் குழாய் மாட்டி, அடைப்பு நீக்கி, உத்தரவாத நிபந்தனைகள் வரை போனார். இடையில் ஒரு தடவை, "இந்த வடிகட்டியை மாசாமாசம் கழுவணுமாமே, யாருமே சொல்லல," என்றார். அக்கா அதையும் அடித்தாள். ஒன்றே முக்காலுக்கு அவர் குரல் கம்மிவிட்டது. நாற்பத்து மூன்று எழுத்து கிடைத்திருந்தது.

மீதி நாலு எழுத்து வாஷிங் மெஷினுக்குத் தேவைப்படவில்லை.

"'ஹ' வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

"ஹலோ."

"ஆய்த எழுத்து."

"ஃபார்மேட்," என்றார் அத்தான். அக்கா ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு அடித்தாள்.

"'கௌ' மாதிரி ஒன்னு."

"கௌரவம்!" அதை மட்டும் யோசிக்காமல் சொன்னார்.

தனி 'ஔ' மட்டும் நின்றுவிட்டது. மூன்று பேரும் யோசித்தோம். அந்த அவசரத்தில் ஆத்திசூடி எழுதிய பாட்டிகூட ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. "போகட்டும் விடு," என்றாள் அக்கா. இன்றுவரை அந்தக் கணினியில் 'ஔ' கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டரைக்குக் கோப்பைச் சிஸ்டம் ஃபோல்டரில் வைத்தேன். துண்டை எடுத்தேன். அக்கா ஒரு வரி அடித்தாள். சுத்தமாக வந்தது. வந்த வரியை இங்கே எழுத முடியாது, எங்கள் இருவரையும் பற்றியது. ஒரு பிழை இல்லை.

மேடம் வந்தார். மெலிந்த உருவம், கையில் ஒரு கோப்பு, சிரிக்க நேரமில்லாத முகம். விதிப்படி அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. நானும் அத்தானும் கூடத்தில் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து விசைச் சத்தம் மட்டும் வந்தது. நிற்கிற ஒவ்வொரு தடவையும் அத்தான் என் முழங்காலைப் பிடித்தார்.

"நின்னுடுச்சு மாப்ள."

"வாத்தியார் மூச்சு வாங்கறார் அத்தான்."

"என் மேல கோபமா இருப்பாளா?"

"இல்ல. மெடல் குத்துவா."

ஐம்பது நிமிடம். பிறகு கதவு திறந்தது. மேடம் தாளைப் பார்த்தபடியே, "தொண்ணூத்தாறு," என்றார். "நல்லா இருக்கு. எந்திரம் தொண்ணூத்தொன்னுதான். பேர் பட்டியல்ல இருக்கும்."

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள்.

"கம்ப்யூட்டர் புதுசா?" என்றார் மேடம்.

"இன்னைக்குக் காலையிலதான் புது வெர்ஷன் போட்டேன் மேடம்!" என்றார் அத்தான். ஒன்றரை மணி நேரம் படித்துக் கம்மிய தொண்டை, இதற்கு மட்டும் கணீரென்று வந்தது.

மேடம் இன்னொரு தாளை எடுத்தார். "ஒரு கேள்வி பாக்கி. இந்த செட்டிங்ஸுக்கெல்லாம் பேக்கப் இருக்கா?"

எதிரே கட்டம். எனக்கு அந்தக் கட்டத்தைத் தெரியும். எந்த ஊர்த் தாளில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

"இருக்கு மேடம், எல்லாத்தையும் எடுத்தாச்சு," என்றார் அத்தான், சட்டைப் பையைத் தட்டி.

மேடத்தின் பேனா கட்டத்தின்மேல் போனது.

"போடாதீங்க," என்றேன். மேடம் முன்னால் நான் பேசிய முதல் சொல் அதுதான். "இருக்குன்னு சொல்ல முடியாது. முழுசா திரும்பப் போட்டுப் பார்த்ததில்ல."

மேடம் என்னை முதல் தடவையாகப் பார்த்தார். "நீங்க யாரு?"

"தம்பி," என்றாள் அக்கா. வெளியூர்ல வேலை என்று சொல்லவில்லை. "மேடம், அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கே, திரும்பப் போட்டுப் பார்த்த தேதின்னு?"

"இருக்கு. பெரும்பாலும் எல்லாரும் ஏதோ ஒரு தேதியைப் போட்டுடுவாங்க. காலியா விட்டா ஆபீஸ்ல திருப்பி அனுப்புவாங்க. சாயங்காலம் ஆறு வரைக்கும் தாளை நான் வச்சிருக்கலாம்."

"ஆறு மணிக்கு ஃபோன் பண்ணிச் சொல்றேன்."

மேடம் போனார். மணி நாலேகால். அக்கா தன் அறையிலிருந்து ஒரு பழைய கீபோர்டைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். பிறகு முதுகில் கை வைத்துப் பின்னறைக்குள் தள்ளினாள்.

"உன் கட்டிலுக்கடியில இருக்கிற லேப்டாப்பை முழுசா துடை. லினக்ஸைப் புதுசா போடு. என் கம்ப்யூட்டர்ல இருக்கிற எல்லாத்தையும், சிஸ்டம் ஃபோல்டரோட சேர்த்து நகல் எடுத்து, அதுல திரும்பப் போடு. ஆறு மணிக்கு நான் வந்து உட்கார்ந்து அடிப்பேன். எழுத்து வந்தாத்தான் தேதி."

"அதைத் துடைச்சா பழைய நகல் போயிடுமேக்கா. வேற எங்கயாவது எடுத்து வைக்கணும்."

"அதுக்கொரு டிஸ்க் இருக்கே." திரும்பினாள். "என்னங்க, நீங்களும்தான்."

"நானா? நான் எதுக்கு? எனக்கு இதெல்லாம்—"

"அந்த டிஸ்க்குல இருக்கிற கல்யாண ஃபோட்டோல ரெண்டு நகலை அழிச்சு இடம் பண்ணுங்க. எதை அழிக்கணும்னு அவன் சொல்லுவான். நீங்களா எதையும் தொடாதீங்க. புள்ளி வச்ச ஃபோல்டரை ஒவ்வொன்னா சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. குரல்தான் நல்லா இருக்கே."

அத்தான் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் அக்கா கதவைச் சாத்தினாள். சாவி வெளியிலிருந்து இரண்டு தடவை திரும்பியது.